வரைந்தவன் பெயர்

கொல்லிமலையின் அடியில் குடியிருப்பவனுக்கு உருவத்தைப் பற்றிய அச்சம் புதிதன்று. எங்கள் புளியஞ்சோலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் இம்மலையில்தான் சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை நின்றது. தெய்வம் வகுத்த பாவை என்றனர். காற்று மோதினும், மழை அறையினும், இடி விழினும், நிலமே நடுங்கினும் அதன் எழில் குலையாது என்றனர். பிற்காலத்தார் அதனோடு அமையாது, அப்பாவை சிரிக்கும், சிரித்து மயக்கிக் கொல்லும் என்றும் சேர்த்துக்கொண்டனர். அருவி நீரில் குளிக்க வரும் வெளியூரார் இன்றும் அக்கதையை என்னிடம் கேட்பதுண்டு. என் தாடியையும் தொப்பியையும் பார்த்த பிறகும் கேட்கிறார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இக்கதையில் என் நெஞ்சை உறுத்துவது பாவையின் சிரிப்பன்று. தெய்வமே அதைச் செய்தது என்னும் செய்தி. அவ்வாறாயின் உளி பிடித்தவன் எங்கே போனான்? ஓர் உருவம் அழகின் எல்லையைத் தொட்டுவிட்டால், அதனைச் செய்த மனிதக் கையை மறைத்துவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டிலும், கடல் கடந்த மெக்ஸிகோவிலும் எழுந்த கிறிஸ்தவ தேவாலயங்களின் ஓவியங்களைச் சில காலமாகக் கண்டும் படித்தும் வருகின்றேன். அவற்றைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு இவ்வழக்கமே காரணம். ஆலிம் ஒருவனுக்கு இஃது ஏன் என்று வினவும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சென்னைப் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயத்தில், மர்யம் அன்னையும் குழந்தையும் உள்ள பழைய படம் ஒன்று போற்றப்படுகின்றது. இன்ஜீல் எழுதியவருள் ஒருவரான லூக்கா அதனைத் தம் கையால் வரைந்தார் என்றும், ஈஸா நபி (அலை) அவர்களின் சீடரான தோமா அதனைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்றும் அங்குள்ளோர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை அன்போடு சொல்கின்றவர்களிடம் நான் வாதிட்டதில்லை. ஆயினும், பெயரறியாத ஓர் ஓவியனின் கைக்குப் பதிலாக ஒரு புனிதரின் கை அங்கே வந்து அமர்ந்துவிட்டது என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில் இருக்கின்றது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரோடு தொடர்புடைய ஊர் அது. 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்த அப்பெரியார் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியரல்லர். சந்தா சாகிபைக் கண்டு பேசுவதற்காகப் பாரசீகமும் உருதுவும் கற்றார் என்று அவர் வரலாறு சொல்லும். மர்யம் அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் உடையில் படமாக எழுதி, அதனை மணிலாவுக்கு அனுப்பி, அதன்படி சிலை செய்வித்துத் தருவித்தார் என்பது அவ்வூரார் மரபு. படம் எழுதச் சொன்னவரின் பெயர் நமக்குத் தெரியும். மணிலாவில் மரத்தைச் செதுக்கியவர் யார்? அந்நகரில் அந்நாளில் கிறிஸ்தவ உருவங்களைச் செதுக்குவதில் கைதேர்ந்தவர்கள் குடியேறிய சீனத் தச்சர்கள். இயேசு சபைத் துறவி எண்ணியதை ஒரு சீனனோ பிலிப்பைன் தீவினனோ செதுக்க, தென்னார்க்காட்டு உழவர்கள் அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்!

அதே மணிலாத் துறையிலிருந்துதான் ஆண்டுதோறும் பெருங்கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து மெக்ஸிகோவின் அகாபுல்கோவுக்குச் சென்றன. 1565 முதல் 1815 வரை இவ்வணிகம் நடந்தது. பிலிப்பைன் தீவுகளே மெக்ஸிகோவிலிருந்த ஸ்பானிய ஆளுநரின் கீழ்தான் இருந்தன. இங்கிருந்து பட்டும் மிளகும் தந்தமும் போயின. அங்கிருந்து வெள்ளி வந்தது. ஆகவே, கோணான்குப்பத்தையும் மெக்ஸிகோவையும் ஒரே மூச்சில் பேசுவது நான் வலிந்து செய்யும் இணைப்பன்று. கப்பல்கள் முன்பே செய்த இணைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் அலுவல் நிமித்தம் கோவா செல்ல நேர்ந்தது. பழைய கோவாவில் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பொம் ஜேசு தேவாலயத்தில் கூட்டம் அலைமோதியது. அருகிலுள்ள அசிசி பிரான்சிஸின் தேவாலயத்துக்கு அவ்வளவு பேர் வருவதில்லை. எனக்கு அது வசதியாயிற்று. 1661-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட கட்டடம். முகப்பு வாயில் மட்டும் அதற்கு முந்தையது. உள்ளே பொன் பூசிய பலிபீடம். அதன் இருமருங்கும் பிரான்சிஸின் வாழ்க்கையை மரப்பலகைகளில் ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கின்றனர். அவற்றைச் சூழ்ந்த சுவர்களில் கொடியும் மலரும் பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. அந்தப் பூக்களைப் பார்த்தபோது லிஸ்பனோ ரோமோ என் நினைவுக்கு வரவில்லை. நம் ஊர்ச் சேலைக் கரைதான் வந்தது.

இந்தப் பிரான்சிஸ் யார் என்பதை முஸ்லிம்கள் அறிந்திருத்தல் நன்று. 1219-இல் சிலுவைப் போர் மூண்டிருந்த வேளையில், எகிப்தின் திம்யாத் நகரருகே சுல்தான் அல்மலிக்குல் காமிலைக் காண வெறுங்கையோடு சென்றவர் அவர். சுல்தான் அவர் சொன்னதைக் கேட்டு, தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். அத்தகையவரின் பெயரால் தேவாலயம் எழுந்த இந்நகரை 1510-இல் அல்புகர்க் ஆதில்ஷாஹிகளிடமிருந்து கைப்பற்றியபோது, முஸ்லிம்களில் எவரையும் உயிரோடு விடவில்லை என்று தம் அரசருக்குத் தாமே எழுதினார். ஆதில்ஷாஹி அரண்மனையில் எஞ்சியது வாயில் ஒன்றுதான். கஜேத்தான் தேவாலயத்தருகே தனியே நிற்கின்றது. பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ள எனக்கு அரும்பாடாயிருந்தது.

தலையைக் குனிந்தேன். தரை முழுதும் கல்லறைக் கற்கள். குடிச்சின்னங்களும் போர்த்துக்கீசியப் பிரபுக்களின் பெயர்களும் பொறித்தவை. பெயர்களின்மீது நடந்துதான் ஓவியங்களிடம் செல்ல வேண்டும். ஓவியங்களில் பெயரைத் தேடினேன். என் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை.

பெயர் இல்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மாநிலச் சங்கம், கிறிஸ்தவரல்லாத கைவினைஞர்களைக் கொண்டு கிறிஸ்தவ உருவங்களைச் செய்விக்கக் கூடாது என்று விதித்தது. நடவாததை எவரும் தடுப்பதில்லை. கோவாவின் தச்சரும் கொல்லரும் சித்திரக்காரரும் ஆலயத்துக்கும் தேவாலயத்துக்கும் ஒரே கையால் வேலை செய்து வந்தனர் என்பதற்கு அத்தடையே சான்று. மெக்ஸிகோவிலோ, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1555-இல் கூடிய சங்கம், ஸ்பானியராயினும் பூர்வகுடியினராயினும் தேர்வு பெறாமல் படம் எழுதக் கூடாது என்று ஆணையிட்டது. 1557-இல் ஓவியர் சங்கத்துக்கும் சட்டம் வகுக்கப்பட்டது. இரு கண்டங்களிலும் ஒரே கவலை: இந்தக் கை நம் சொற்படி வரையுமா?

வரைவதற்கு முன்மாதிரி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பிளாண்டர்ஸ் நாட்டு அச்சுப் படங்களிலிருந்து. ஆண்ட்வெர்ப் நகரில் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தைக் கோவாவிலிருந்து சென்ற பாதிரிமார் 1580-இல் பதேபூர் சிக்ரியில் அக்பரிடம் அளித்தனர். அக்பரின் ஓவியர்கள் அத்தகைய படங்களைப் பார்த்து மர்யம் அன்னையை வரைந்தார்கள். அதே நகரத்து அச்சுப் படங்கள் மெக்ஸிகோவிலும் தேவாலயச் சுவரளவு பெரிதாக்கப்பட்டன. ஒரே தாளை முகலாய அரண்மனையிலும் மெக்ஸிகோ மடாலயத்திலும் வைத்தால் இரண்டு வேறு ஓவியங்கள் பிறக்கின்றன. வேறுபாடு தாளில் இல்லை; கையில் இருக்கின்றது.

இனி, நம் நிலையைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. உருவத்தை வணங்குவதும், வணங்குவதற்கென அதை ஆக்குவதும் நம் மார்க்கத்தில் ஆகாதவை. கஃபாவினுள் இப்ராஹீம் நபி (அலை), மர்யம் (அலை) ஆகியோரின் உருவங்கள் இருந்ததை புகாரி ஷரீபின் அறிவிப்புகள் கூறுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உருவங்களை அகற்றச் செய்தார்கள். கத்தோலிக்கரும் தம் கொள்கையைத் தெளிவாகவே சொல்லியிருக்கின்றனர்: படத்தினுள் தெய்வத்தன்மை இல்லை, மரியாதை படத்தால் குறிக்கப்படுபவருக்கே என்று 1563-இல் டிரெண்ட் சங்கம் தீர்த்துரைத்தது. இவ்வாதத்தை முதன்முதல் விரிவாக எழுதியவருள் தலையாயவர் திமிஷ்கு நகர யோவான். பைசாந்தியப் பேரரசன் படங்களை உடைத்துக்கொண்டிருந்த எட்டாம் நூற்றாண்டில், படங்களுக்காக அவர் துணிந்து எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் உமய்யாக் கலீபாக்களின் ஆட்சியில், அப்பேரரசனின் கைக்கு எட்டாத இடத்தில் வாழ்ந்ததே! வரலாறு சில வேளைகளில் நம் நூல்களைவிடக் குறும்பு மிக்கது.

அவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்வதைச் சரியாகச் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும் என்று என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்தனர்.

அல்லாஹ்வின் திருநாமங்களுள் 'அல்முஸவ்விர்' ஒன்று. உருவமைப்பவன் என்பது பொருள். அரபியில் ஓவியனுக்கும் அதே சொல்தான். உருவம் செய்தோரிடம் மறுமையில், நீங்கள் படைத்ததற்கு உயிர் கொடுங்கள் என்று சொல்லப்படும் என்னும் நபிமொழிக்கு விளக்கம் எழுதிய இமாம்கள் பலர், இறைவனின் படைப்புக்கு ஒப்பாகச் செய்யத் துணிவதையே குற்றத்தின் வேராகக் காட்டுகின்றனர். எனக்குத் தோன்றுவது இது: இதை மனிதன் செய்தான் என்று அடியில் பெயர் எழுதப்பட்ட படம், தன் சிறுமையைத் தானே ஒப்புக்கொள்கிறது. மனிதன் செய்யவில்லை என்று சொல்லப்படும் படமே மனிதனை மண்டியிட வைக்கின்றது. ஓவியனின் பெயரை அழிப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி. ஷிர்க்குக்கும் அதுவே வாசல் திறந்துவிடுகின்றது.

மெக்ஸிகோவில் இதற்குப் பேர் பெற்ற எடுத்துக்காட்டு குவாதலூப்பே மாதாவின் படம். 'குவாத' என்பது 'வாதி' என்னும் அரபிச் சொல்லின் திரிபு என்பதையும், அப்பெயர் அந்தலூஸை ஆண்ட நம் மூதாதையர் ஸ்பெயினில் விட்டுச்சென்றது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றேன். 1531-இல் ஹுவான் தியேகோ என்னும் பூர்வகுடி உழவனின் மேலாடையில் அப்படம் தானே பதிந்தது என்பது மெக்ஸிகோ மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆனால் 1556-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சிஸ்கோ தெ புஸ்தமாந்தே என்னும் பிரான்சிஸ்கன் துறவி மேடையேறி, அது மார்க்கோஸ் என்னும் பூர்வகுடி ஓவியன் வரைந்தது என்று பிரசங்கம் செய்தார். பேராயர் அதன்மேல் விசாரணை நடத்தினார். துறவியின் நோக்கம் ஓவியனைப் புகழ்வதன்று. மக்கள் படத்தைத் தொழத் தொடங்கிவிட்டனரே என்று கடிந்துகொள்வதே. ஆயினும் அக்கடுஞ்சொல்லில்தான் மார்க்கோஸின் பெயர் பிழைத்துக் கிடக்கின்றது. இரு நூற்றாண்டு கழித்து, 1751-இல், அந்நாட்டின் தலைசிறந்த ஓவியரான மிகேல் கப்ரேரா அப்படத்தை நேரில் ஆராய்ந்து, மனிதத் திறனுக்கு அப்பாற்பட்டது அது என்று 1756-இல் நூல் வெளியிட்டார். ஓர் ஓவியரே இன்னோர் ஓவியரின் கையைத் துடைத்தெடுத்தார் என்றுதான் என்னால் அதைப் படிக்க முடிகின்றது. அந்நாட்டார் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களின் பக்தியை நான் இகழவுமில்லை.

கப்ரேராவை இத்தோடு விட்டுவிடுவது நியாயமன்று. மெக்ஸிகோ நகருக்கு வடக்கே தெபோத்சோத்லான் என்னுமிடத்தில் இயேசு சபையாரின் தேவாலயத்துக்கு அவர் அமைத்த பொற்பீடங்கள் கண்கூசச் செய்பவை என்கின்றனர். 1964 முதல் அவ்விடம் அருங்காட்சியகமாய் இருக்கின்றது. அத்தேவாலயம் யார் பெயரால் அமைந்தது தெரியுமா? 1542 முதல் தூத்துக்குடி, மணப்பாடு கரைகளில் முத்துக்குளிப்போரிடையே திரிந்த நம் சவேரியார் பெயரால்!

1539-இல் மெக்ஸிகோவில் செய்த இறகுச் சித்திரம் ஒன்று பிரான்ஸின் ஓஷ் நகரத்தில் இருக்கின்றது. வண்ணக் குழம்பு தீட்டியதன்று. பறவைகளின் இறகுகளை ஒட்டி ஒட்டி, போப் கிரகோரியின் பூசையைக் காட்டியது. அக்கலை ஐரோப்பியருக்குத் தெரியாதது. பூர்வகுடிகளின் பரம்பரைச் சொத்து. ஓரத்தில் இலத்தீன் எழுத்துகள் ஓடுகின்றன: யாருக்கு அளிக்கப்பட்டதோ அந்தப் போப்பின் பெயர், செய்வித்த ஆளுநர் தியேகோவின் பெயர், மேற்பார்த்த துறவி பேதுரோ தெ காந்தேயின் பெயர், ஊர், ஆண்டு. இறகு ஒட்டியவன் பெயர் மட்டும் இல்லை. விழாமலர்களில் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது.

படத்தைப் பற்றிய அச்சம் நமக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கும் மெக்ஸிகோவில் ஒரு சான்று உண்டு. அதில் நம் நாட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். முகலாய நாட்டில் மிர்ரா என்னும் பெயரோடு பிறந்ததாகச் சொல்லப்படும் சிறுமியைக் கடற்கொள்ளையர் கவர்ந்து சென்றனர். கொச்சியில் ஞானஸ்நானம், மணிலாவில் அடிமைச் சந்தை, 1621 அளவில் மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் ஒரு வணிகன் வீடு. கத்தரினா தெ சான் ஹுவான் என்று பெயர் பெற்ற அவள் தவமும் காட்சிகளுமாக வாழ்ந்து 1688-இல் இறந்தாள். ஊரார் அவளைப் புனிதையெனக் கொண்டு அவள் படத்தை வைத்துப் போற்றத் தொடங்கினர். 1691-இல் சமய விசாரணை மன்றம் அவள் படங்களைத் தடை செய்தது. அவள் வரலாற்றை மூன்று பாகமாக எழுதிய அலோன்சோ ராமோஸின் நூலும் 1696-இல் தடைக்குள்ளாயிற்று. சுவரெல்லாம் படம் தீட்டியவர்களே ஒரு படத்தைக் கண்டு அஞ்சினர்! யாரைத் தீட்டலாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அங்கு வழக்கு. தாய்மொழியும் பெயரும் பறிபோன அப்பெண்ணுக்கு முகமும் இறுதியில் மறுக்கப்பட்டது என்பதைப் படித்த இரவு, எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

எல்லாக் கைகளும் மறைந்துபோகவில்லை. மெக்ஸிகோ நகரப் பேராலயத்தின் உட்கூடத்தில் 1680-களிலும் அதையடுத்தும் பெரும் ஓவியங்களைத் தீட்டிய இருவருள் ஒருவர் கிறிஸ்தோபல் தெ வில்லால்பாந்தோ. மற்றவர் ஹுவான் கொர்ரேயா. கொர்ரேயாவின் தாய் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். சாதியும் நிறமும் பார்த்து ஆளைப் பிரித்த அந்நாட்டில் அவர் தலைமை ஓவியராய் உயர்ந்தார். குழந்தைத் தேவதூதர் சிலருக்கு மாநிற மேனி கொடுத்தார். பல படங்களில் தம் பெயரை எழுதிவைத்தார். மலக்குகளை வரைவது நமக்கு ஒவ்வாது. ஆயினும், அந்தப் பெயரை எழுதிய துணிவை நான் மதிக்கின்றேன்.

நம் கையும் அங்கே மறைந்து கிடக்கின்றது. முஸ்லிம்களும், முஸ்லிமாயிருந்து மதம் மாற்றப்பட்ட மொரிஸ்கோக்களும் புதிய கண்டத்துக்குச் செல்லக் கூடாது என்று ஸ்பெயின் தடுத்தது. ஆளைத் தடுத்தது, வேலையைத் தடுக்க முடியவில்லை. த்லாக்ஸ்காலாவில் பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் மர விதானம் அந்தலூஸ் தச்சரின் நட்சத்திரப் பின்னலில் அமைந்தது. சுவரோட்டுக்கு அவர்கள் இன்றும் சொல்லும் 'அசுலேஹோ' நம் 'அஸ்ஸுலைஜ்'. கொத்தனுக்குச் சொல்லும் 'அல்பஞில்' நம் 'அல்பன்னா'. ஓவியத்தைத் தாங்கும் சுவரில் அரபி ஒளிந்திருக்கின்றது.

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் தூண்களைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர். கோவில் மண்டபத் தூண்களைச் செதுக்கிய அதே சிற்பியர் மரபு அங்கே உருவங்களை விட்டுவிட்டு, மலரையும் கொடியையும் மட்டும் கல்லில் விட்டுச் சென்றிருக்கின்றது. வள்ளல் சீதக்காதியின் பெயரை அவ்வூர்க் குழந்தையும் அறியும். சிற்பியின் பெயரைக் கேட்டேன், சொல்வாரில்லை. கோவாவில் பிரபுக்களின் கல்லறைமீது நின்று நான் கொண்ட வருத்தத்தை அங்கேயும் கொள்ளாவிட்டால் நான் நேர்மையானவனல்லன்.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் கிதாபின் ஓரங்களில் பறவை வரைகிறான். கண்டித்தேன், முதற்குற்றம் பறவை வரைந்ததன்று, கிதாபில் வரைந்தது என்றும் சொன்னேன். ஓர் ஓவியர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, இதுவே தம் பிழைப்பு என்றபோது, வரைந்தே தீர வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைக என்று அவர்கள் வழிகாட்டியதை எடுத்துரைத்தேன். பையன் சற்று யோசித்துவிட்டு, "மரம் வரையத் தெரியும் ஹஜ்ரத். மரத்தில் வந்து உட்கார்ந்த பறவையை என்ன செய்வது?" என்றான். இமாம்களின் கருத்து வேற்றுமைகளை அவனுக்கு ஓத இன்னும் இரண்டாண்டு ஆக வேண்டும். தனித்தாள்களும் ஒரு பென்சிலும் வாங்கிக் கொடுத்து, எதை வரைந்தாலும் அடியில் உன் பெயரை எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது பெரும்பாலும் புளியமரங்களே வருகின்றன. பெயரை அரபியில்தான் எழுதுகிறான். அலிஃப் மட்டும் இன்னும் சாய்ந்தே நிற்கின்றது.